"கையில கத்தி இல்லாதவளுக்கு ஆடு எதுக்கு?" - ஆச்சியின் மடக்குக் கத்திக்குக் கூர் ஏற்றிய கதை!

உங்கள் வீட்டுச் சமையலறையில் பல் வைத்த கத்தி ஒன்றாவது இருக்கும். பிரெட் வெட்டவோ தக்காளி நறுக்கவோ வாங்கியிருப்பீர்கள். புதிதில் தக்காளித் தோலில் வைத்ததுமே உள்ளே இறங்கும். இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள், நறுக்காது, நசுக்கும். அப்போது நாம் என்ன செய்வோம்? "பல்லு வச்ச கத்திக்கெல்லாம் சாணை பிடிக்க முடியாது" என்று சொல்லி டிராயருக்குள் தள்ளுவோம். அல்லது பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம்.

எங்கள் வீட்டில் அப்படித் தள்ளிவிட முடியாத ஒரு கத்தி இருக்கிறது. அது மழுங்கிப்போனதால் ஐந்து ஆடுகள் விலைபோக இருந்தன.

குவைத்திலிருந்து வந்த கத்தி

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு 74 வயது. காட்டு வேலைக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிறது. ஆனால், வெள்ளாடு வளர்ப்பதை மட்டும் விடவில்லை. காலையில் குழை ஒடித்துப் போடுவது, கட்டுத்தறி மாற்றுவது, தீவனச் சாக்குப் பிரிப்பது என்று எல்லாமே அவர் கைதான். நான் இதழியல் டிப்ளமோ சேர்ந்தபோது முதல் தவணை ஃபீஸ் கட்டியது ஆச்சி. இரண்டு கிடாய்களை விற்ற காசு அது.

சித்தப்பா குவைத்திலிருந்து லீவுக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது அந்த மடக்குக் கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விளிம்பில் முன்பாதி வழவழப்பாக இருக்கும், கைப்பிடியை ஒட்டிய பின்பாதியில் பல் இருக்கும். அப்பாவுக்குத்தான் கொண்டுவந்தார். ஆனால், ஒரே வாரத்தில் அது ஆச்சியின் சுருக்குப் பைக்குள் போய்விட்டது. வெற்றிலைக் காம்பு கிள்ள, வாழைநார் அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, நைலான் கயிறு வெட்ட என்று ஒன்பது வருடமாக அது அங்கேதான் இருந்தது.

போன தை மாதம் ஒரு குட்டியின் காலில் நைலான் கயிறு சுற்றி இறுகிவிட்டது. ஆச்சி கத்தியை எடுத்து அறுத்திருக்கிறார். கயிறு அறவில்லை. இன்னும் அழுத்தியிருக்கிறார். கத்தி வழுக்கி இடது கட்டை விரலில் பாய்ந்துவிட்டது. மூன்று தையல் போட்டு, ஒரு டி.டி. ஊசியும் குத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அப்பா கத்தியை வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார். "இனிமே இதத் தொடக் கூடாதும்மா. கை நடுங்குற வயசுல கத்தி எதுக்கு?" என்றார். வீடியோ காலில் சித்தப்பா, "அதத் தூரப் போடுங்க. நான் புதுசு ஒண்ணு குடுத்துவிடுதேன்" என்றார். "புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். ஆட்டையே குடுத்துருவோம்" என்று அப்பா முடித்துவிட்டார்.

ஆச்சி சண்டை போடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "சரிதாம்ல. குடுத்துரு. கையில கத்தி இல்லாதவளுக்கு ஆடு எதுக்கு? ஒவ்வொண்ணுக்கும் அடுத்த வீட்டுப் பயல கூப்ட்டுக்கிட்டா இருக்க முடியும்?"

மேலத்தெரு வியாபாரி ஒருவர் மறுவாரம் வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டும் போனார்.

நடுங்கியது கையா, மழுங்கியது கத்தியா?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஆச்சி இன்றும் அரிவாள்மனையில் உட்கார்ந்து வெங்காயம் அரிகிறார். அதில் கை வெட்டிக்கொண்டதில்லை. அப்படியென்றால் தப்பு கையில்தானா?

பரணிலிருந்து கத்தியை இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கூரான விளிம்பு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, மழுங்கிய இடம்தான் வெள்ளைக் கோடாக மினுங்கும். கத்தியின் பல் முனைகள் ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக மினுங்கின. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது முனைகள் உருண்டைக் குச்சி போல ஆகியிருந்தன.

மழுங்கிய கத்தி கையை வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கூரான கத்திக்கு விளிம்பு மெல்லியது. சின்ன அழுத்தம்கூட ஊசி முனையில் விழுவதுபோல ஒரே இடத்தில் விழுந்து பொருளைப் பிளந்துவிடும். விளிம்பு தடித்துப்போனால் அதே அழுத்தம் பரவிவிடும். நாம் உடனே பலத்தைக் கூட்டுவோம். பலத்தைக் கூட்டக் கூட்ட, கத்தி வழுக்கும் நேரத்தில் அதை நிறுத்தக் கையால் முடியாது. 25 வயதுக் கையானாலும் 74 வயதுக் கையானாலும் இதுதான் நடக்கும்.

பல் வைத்த கத்தியில் இன்னொரு விஷயமும் உண்டு. அறுக்கும்போது முதலில் பொருளைத் தொடுவது பல் முனைகள். அவை கயிற்றின் இழைகளைக் கொக்கி போல இழுத்துப் பிடிக்கும். இரண்டு முனைக்கு நடுவில் உள்ள வளைந்த பள்ளம்தான் அந்த இழைகளை அறுத்து முடிக்கும். பலகையிலோ தட்டிலோ மோதித் தேய்வது முனைகள்தான். பள்ளங்கள் உள்ளே ஒதுங்கி இருப்பதால் ரொம்ப நாள் கூர் தாங்கும். அதனால்தான் பல் கத்தி வருடக்கணக்கில் உழைக்கிறது. நாமும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் ரத வீதிப் பக்கம் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: "இது நமக்கு ஆவாது பாப்பா. நம்ம கல்லு தட்டையா இருக்கு. இத வச்சேன்னா பல்லு முழுக்க உதிர்ந்து வழவழன்னு ஆயிரும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. தட்டைக் கல் பல் முனைகளை மட்டும்தான் தொடும், பள்ளத்துக்குள் போகாது.

கருக்கு என்றால் இதுதான்

"கருக்கு வச்ச கத்திய எவம்ட்டி கல்லுல தேய்ப்பான்?" என்றார் ஆச்சி. அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது.

கருக்கு என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது பனைமட்டை. அதன் இரண்டு ஓரமும் ரம்பம் போல இருக்கும். கவனிக்காமல் இழுத்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். 1992-ல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்கு எழுத்தாளர் பாமா 'கருக்கு' என்று பெயர் வைத்தது இந்தப் பனங்கருக்கை மனத்தில் வைத்துத்தான். அரிவாளின் பல்லுக்கும் அதே பெயர். நெல்லும் புல்லும் அறுக்கப் பயன்படுத்துவது கருக்கரிவாள். பல் இருப்பதால் பன்னரிவாள் என்றும் சொல்வோம், பேச்சில் அது பன்னருவா.

அறுப்புக் கருவிக்குப் பல் வேண்டும் என்பதை மனிதர்கள் இரும்பு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மேற்கு ஆசியாவில் 10,000 வருடங்களுக்கும் முன்பே சின்னச் சின்னக் கல் சில்லுகளை எலும்பிலோ மரத்திலோ வரிசையாகப் பதித்து அரிவாளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்றும் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயிகளுக்காக வடிவமைத்த 'நவீன்' அரிவாள் பல் வைத்ததுதான்.

நம் ஊர்க் கொல்லர்கள் இந்தப் பல்லை எப்படிப் பராமரிக்கிறார்கள்? ஆச்சியின் பழைய பன்னருவாளையும் மடக்குக் கத்தியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போனேன். உலை முன்னால் இருந்தவருக்கு 60 வயது இருக்கும்.

"அண்ணாச்சி, இதுக்குக் கூர் ஏத்த முடியுமா?" என்றேன்.

அவர் முதலில் எடுத்தது பன்னருவாளைத்தான். "இங்க பாரும்மா. ஒரு பக்கம்தான் கருக்கு. மறுபக்கம் வழவழன்னு இருக்கா? உளிய வச்சு ஒண்ணு ஒண்ணாத் தட்டுன வெட்டு இது. வெட்டெல்லாம் கைப்பிடியப் பாத்துச் சாஞ்சிருக்கும். அப்பதான் இழுக்கும்போது கதிரப் பிடிக்கும்" என்றார்.

உளி வெட்டிய கோடுகள் விளிம்போடு நிற்காமல் தகட்டின் மேல் கொஞ்ச தூரம் ஓடுகின்றன. அதனால் பின்பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, விளிம்பு பின்வாங்கி அதே கோட்டில் புதுப் பல் பிறக்கும். கோடு தீர்ந்த பிறகு மறுபடியும் உளியால் வெட்ட வேண்டும். "மின்ன அறுப்புக் காலத்துல ராத்திரி பகலா உக்காந்து வெட்டுவோம். இப்ப அறுப்புக்கு மிசினு வந்துட்டு. புல்லறுக்க வேணும்னா கடையில மிசின் கருக்கு போட்ட அருவா கெடைக்கி. மழுங்குனா தூரப் போட்டுருதாங்க" என்றார்.

பட்டறையில் ஒரு நோட்டு தொங்கியது. அரிவாள் வாங்க வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதுவதற்காம். 2021-ல் ரவுடிகளுக்கு எதிராகச் சோதனைகள் நடந்தபோது, விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே விற்க வேண்டும், வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறிக்க வேண்டும் என்று தமிழகக் காவல்துறை பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. 2019-ல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான். சினிமாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தாலே முதுகில் அரிவாள் இருக்கும். கதிர் அறுக்க, குழை ஒடிக்க, நார் கிழிக்க அதை எடுத்த பெண்களின் கை படத்தில் வராது.

மடக்குக் கத்தியைப் பார்த்ததும் அண்ணாச்சி தலையசைத்தார். "இது நம்ம இரும்பு இல்ல. உலையில வச்சா பதம் போயிரும். எலிவால் அரத்தப் போட்டா பல்லத் தின்னுரும். பள்ளத்துக்குள்ள போற மாரி மெல்லிசா ஒரு குச்சியில உப்புத்தாளச் சுத்தி, ஒவ்வொரு பள்ளமா நீயே தேய்ச்சுக்கோ. பொறும வேணும். அவ்வளவுதான்." காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டிலேயே கூர் ஏற்றுவது எப்படி?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் வீடியோ பார்ப்பதும் எனக்கு வேலையின் ஒரு பகுதி. கத்தி தீட்டுபவர்களின் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு வரியில் சொன்னதைத்தான் அவர்கள் இருபது நிமிடம் சொன்னார்கள். நான் செய்தது இதுதான்.

தேவையான பொருள்கள்: பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர், 400, 800, 1000 நம்பர்களில் தலா ஒன்று. பழைய சைக்கிள் போக்குக் கம்பி ஒரு சாண் நீளத்துக்கு. ஒரு மார்க்கர் பேனா, ஒரு மரப்பலகை, கொஞ்சம் பஞ்சு. பிரெட் கத்தி போலப் பள்ளம் பெரிதாக இருந்தால் கம்பிக்குப் பதில் பென்சில் போதும். குச்சியும் தாளும் சேர்ந்து பள்ளத்தைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

முதலில் கத்தியை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மடக்குக் கத்தி என்றால் விரித்த பிறகு தானாக மடங்காதபடி பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். பூட்டு இல்லாத கத்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கைப்பிடியைத் துணியால் சுற்றிப் பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலான பல் கத்திகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பள்ளம் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் தட்டை. நாம் தேய்க்க வேண்டியது சரிவு உள்ள பக்கத்தை மட்டும். அரிவாளுக்குப் பின்பக்கம் தேய்ப்பார்கள் என்று மேலே படித்தோம். இங்கே அது நேர் எதிர். இந்தக் கத்தியின் தட்டைப் பக்கத்தை அதிகம் தேய்த்தால் பல் குட்டையாகிக்கொண்டே போகும்.

கத்தியின் தட்டைப் பக்கம் பலகையில் படிய, விளிம்பு உங்களைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி பலகை ஓரத்தில் வையுங்கள். சரிவுகளில் மார்க்கரால் கறுப்பு மை பூசுங்கள். கம்பியில் 400 நம்பர் தாளை ஒரு சுற்று சுற்றி, தண்ணீரில் நனைத்து, பேனா பிடிப்பதுபோலச் சாய்த்து முதல் பள்ளத்தில் வையுங்கள். கம்பியைப் பிடித்த கை கத்தியின் முதுகுப் பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து விளிம்பை நோக்கி வெளியே ஓர் அங்குலம் தள்ளுங்கள். தூக்கி எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்துத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம். விளிம்புக்கு எதிராக இழுத்தால் தாள் கிழியும், விரலும் விளிம்புக்கு வெளியே போய்விடும்.

நான்கு தடவை தள்ளிய பிறகு மையைப் பாருங்கள். சரிவு முழுக்க மை போயிருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் போயிருந்தால் கம்பியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். விளிம்பில் மட்டும் போயிருந்தால் இன்னும் சாயுங்கள்.

ஆச்சியின் கத்தியில் 14 பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தடவை என்று எண்ணிக்கொண்டே போனேன். எண்ணிக்கை முக்கியம். ஒரு பள்ளத்தில் இருபது, அடுத்ததில் ஐந்து என்று தேய்த்தால் பல் வரிசை ஏறுமாறாகிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் தட்டைப் பக்கத்தில் பஞ்சால் லேசாகத் தடவுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு வந்துவிட்டது, அதாவது கூர் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். எல்லாப் பள்ளத்திலும் சிக்கும்வரை தொடருங்கள். விரலால் தடவிப் பார்க்காதீர்கள்.

பிறகு 800, கடைசியாக 1000 நம்பர் தாளில் நாலைந்து தடவை போதும். பிசிறை எடுக்க, 1000 நம்பர் தாளை ஒரு டைல்ஸ் துண்டின் மேல் விரித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தை முழுக்கப் படியவைத்து இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுங்கள். சாய்க்கவே கூடாது.

விளிம்பின் வழவழப்பான முன்பாதிக்கு டீ குடிக்கும் பீங்கான் கோப்பை போதும். கவிழ்த்து வைத்தால் அடியில் பளபளப்பு பூசாத சொரசொர வளையம் தெரியும். அதில் கத்தியை ஒரே சாய்வில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தீட்டலாம். கடைசியில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மடக்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துவிடும். எனக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது.

அப்பா போட்ட மூன்று நிபந்தனைகள்

தாளில் வைத்து இழுத்தேன், சரசரவென்று இறங்கியது. தக்காளியில் வைத்தேன், தோல் நசுங்காமல் கிழிந்தது. ஆச்சி இரண்டையும் நம்பவில்லை. "நைலான் கயிறு எடுத்துட்டு வாட்டி" என்றார்.

கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டினேன். இழுத்துப் பிடித்து, மறு கையில் கத்தியை வைத்து இரண்டே இழுப்பு. அறுந்துவிட்டது. அப்பா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி அழுத்தவே இல்லை என்பதை அவரும் பார்த்தார்.

அன்று ராத்திரி அப்பாவுக்கும் ஆச்சிக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. ஒன்று, கயிற்றைக் கையில் பிடித்து அறுக்கக் கூடாது, தூணில் கட்டித்தான் அறுக்க வேண்டும். அதுவும் விரலை நோக்கி இழுக்கக் கூடாது. இரண்டு, இருட்டிய பிறகு கத்தி எடுக்கக் கூடாது. மூன்று, கயிறு இரண்டு இழுப்பில் அறவில்லை என்றால் அழுத்தாமல் நிறுத்திவிட்டு கத்தியை என்னிடம் தர வேண்டும். மூன்றாவது நிபந்தனையைப் போட்டது ஆச்சிதான்.

ஆடு வியாபாரிக்கு அப்பா போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கிடாயை மட்டும் ஆச்சியே பங்குனியில் விலைபேசி விற்றார். மீதி நான்கும் தொழுவத்தில் நிற்கின்றன.

ஆச்சிக்குக் கை நடுங்குவது உண்மைதான். நாளைக்கு இன்னும் கூடும். ஒருநாள் கத்தியை நிஜமாகவே வாங்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த நாள் ஆச்சியின் கையைப் பார்த்து வரட்டும், கத்தி மழுங்கியதால் வர வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ, "இத வச்சு ஒண்ணும் வெட்ட முடியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கலாம். "உங்களுக்கு வயசாயிட்டு, குடுங்க நான் வெட்டுதேன்" என்று வாங்குவதற்கு முன்னால், கத்தியை ஒரு தடவை வெயிலில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு மினுங்கினால் பெயின்ட் கடைக்குப் போய் மூன்று வாட்டர் பேப்பர் வாங்கிவாருங்கள்.